பதில்: நான் வரையும் டைரனோசரஸ் ஏன் பொம்மை போல நிற்கிறது?

உடும்பைப் பார்த்து வரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். உடும்புக்குக் கால்கள் பக்கவாட்டில் விரியும். டைனோசருக்கு உடலுக்கு நேர் கீழே தூண்போல இறங்கும். திருகோணமலையில் பார்த்து வரைய எலும்புக்கூடு ஒன்றும் இல்லை என்ற உங்கள் கவலையும் தேவையற்றது. வீட்டு முற்றத்துச் சேவல் போதும்.

அது நடக்கும்போது காலைக் கவனியுங்கள். பின்பக்கம் மடிவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. டைரனோசரஸுக்கும் இதே அடுக்குதான். ஆனால் அதற்குக் கனத்த வால் உண்டு. உங்கள் படத்தில் வால் தரையில் இழுபடுகிறது. டைனோசர்களின் காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு மிக அரிது. வாலைத் தூக்கி, முதுகைக் கிடையாக்குங்கள். பாரம் இடுப்பில் வந்து நிற்கும்.

நிழலுக்கு, களிமண்ணில் சிறு உருவம் பிடித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். டைனோசர் ஓவியங்களுக்குப் பேர்பெற்ற சார்லஸ் நைட் (1874–1953) இப்படி உருவங்கள் செய்துதான் வரைந்தார், அதுவும் பார்வைக் குறைபாட்டோடு.

நிறம் முழுக்க உங்கள் கற்பனையே என்றும் நினைக்க வேண்டாம். சினோசோரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை 2010இல் இறகுப் புதைபடிவத்திலிருந்தே கண்டறிந்தார்கள்.

அடுத்து யாளி வரையப் போவதாகச் சொன்னீர்கள். அதற்கு உங்கள் திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் தோள்பட்டையை முதலில் வரைந்து பழகுங்கள். துதிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.