குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சமூகப் பண்ணை தொடங்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஆடு வாங்காதீர்கள்.

அரை ஏக்கர் அளவில் பொது நிலம் கிடைக்கும், எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம், பிள்ளைகளை வரவழைக்க ஆடு, கோழி, முயல் என்று தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நிலம் கைக்கு வந்த இரண்டாவது வாரமே இரண்டு ஆட்டுக்குட்டிகள் வந்து இறங்கின. (மந்தையில் வாழும் உயிர், ஒன்றை மட்டும் தனியாக வளர்க்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான்.) முதல் வாரம் நல்ல கூட்டம். படம் எடுத்தார்கள், தழை ஊட்டினார்கள். மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கொட்டோ கொட்டென்று மழை. கொட்டகைக்கு வந்தது நான் ஒருவன் மட்டும். அடுத்த நாளும் நானே. ஆட்டுக்கு ஞாயிறும் கிடையாது, பள்ளி விடுமுறையும் கிடையாது. சில வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட வேண்டும் என்பதே ஒன்று நொண்ட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐந்தாம் மாதம் இரண்டையும் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். அன்று அழுத பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்கப்புறம் வரவே இல்லை.

அந்த ஐந்து மாதமும் வேலை முழுவதையும் பெரியவர்களே செய்தோம், பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு பிள்ளை வராவிட்டால் அங்கே ஏதாவது ஒன்று வாட வேண்டும், அப்போதுதான் அது அந்தப் பிள்ளையின் பண்ணை. செடி வாடலாம், மறுபடி விதைத்துக்கொள்ளலாம். ஆட்டை வைத்து அந்தப் பாடத்தை நடத்த முடியாது. அதனால்தான் விலங்குகள் கடைசியில் என்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் சாயங்காலம் வந்து வாடிய பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும் நல்ல மனிதர்கள் உங்கள் எட்டுப் பேரிலும் இருப்பார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டியிருக்கும், நான் போட்டிருக்கிறேன்.

இது புது யோசனை இல்லை. 1902-ல் நியூயார்க்கில் ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ் என்ற பெண்மணி, குப்பைமேடாகக் கிடந்த ஒரு பூங்கா நிலத்தில் பிள்ளைகளுக்கென்று பண்ணை தொடங்கினார். ஆளுக்கொரு சிறு பாத்தி. நாலு காய்கறி விளைவிப்பதற்காக மட்டும் இதைத் தொடங்கவில்லை, பொதுச் சொத்தைத் தன் பொறுப்பாகப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்கவே தொடங்கினேன் என்கிற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். லண்டனின் முதல் நகரப் பண்ணையும் 1972-ல் கென்டிஷ் டவுனில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நிலத்தில்தான் உருவானது. ஆக, உங்களுக்குக் கிடைப்பது நல்ல நிலமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவசியம் விசாரியுங்கள். பழைய கட்டடம் இடிந்த இடம், வண்டிப் பட்டறை, குப்பை எரித்த இடம் என்றால் மண்ணில் ஈயம் இருக்கக்கூடும். சின்னப் பிள்ளைகள் மண் கையை வாயில் வைப்பார்கள். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்துக்கென்று தனியாகக் கேட்டு மண் பரிசோதனை செய்யுங்கள், வழக்கமான உரச்சத்துப் பரிசோதனையில் அது வராது. சந்தேகம் இருந்தால் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து, அடியில் தடுப்பு விரித்து, மேட்டுப்பாத்தி போட்டுவிடலாம். பாத்திக்கு வரம்பு கட்ட யாராவது பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை இலவசமாகத் தர முன்வருவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் கிரியோசோட் (மரம் உளுத்துப்போகாமல் இருக்க ஏற்றும் நச்சுத் தார் எண்ணெய்) ஏறியிருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாத்தியின் அகலம் மூன்று அடிக்குள் இருக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளை உள்ளே மிதிக்காமல் நடுவரை கை நீட்ட முடிய வேண்டும். நடைபாதையைச் சக்கர நாற்காலி போகும் அளவுக்கு விடுங்கள். பிறகு அகலப்படுத்துவது பெரும்பாடு.

முதலில் முள்ளங்கி போடுங்கள். சிறுரக முள்ளங்கி 25, 30 நாளில் பிடுங்கலாம். கீரையும் அப்படித்தான். ஒரு பிள்ளையின் பொறுமை ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும், முதல் அறுவடை அதைத் தாண்டினால் ஆள் வராது. கூடவே பெரிய விதையாக ஏதாவது, அவரை, சூரியகாந்தி மாதிரி. சின்ன விரல்களுக்குப் பிடிக்க எளிது, முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு மாதிரி விஷச் செடிகள் ஏற்கெனவே நிலத்தில் நின்றால் முதல் நாளே வேரோடு எடுத்துவிடுங்கள்.

எருக்குழியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் பண்ணையில் ஆட்டைவிட அதிகக் கூட்டம் சேர்த்தது அதுதான். காய்ந்த இலை மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கி ஈரம் காயாமல் வைத்தால் சில நாளில் குவியலின் உள்ளே 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். குளிர்ந்த காலையில் கிளறும்போது ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே நெருப்பு இருக்கிறதா என்று ஒரு சிறுமி கேட்டாள். நீளமான வெப்பமானி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தினமும் அளந்து சுவரில் எழுதினார்கள், யாரும் சொல்லாமலே.

இளைஞர்கள் விஷயம் தனி. பதினான்கு வயதுக்காரரை ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்துக் களை பிடுங்கச் சொன்னால் மறுவாரம் வர மாட்டார். அவர்கள் கையில் சாவியைக் கொடுங்கள், கணக்கு நோட்டைக் கொடுங்கள். எங்களிடம் தண்ணீர்ப் பொறுப்பை அவர்களிடமே விட்டோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் என்று கண்டுபிடித்து, கருவிகள் வைக்கும் நாற்பது சதுர மீட்டர் கொட்டகையில் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சேதாரம் போக முந்நூற்றுச் சொச்சம் லிட்டர் வரும் என்று கணக்குப் போட்டு, தொட்டியை எங்கே வைப்பது என்பதுவரை அவர்களே முடிவு செய்தார்கள். முதல் தொட்டி சாய்ந்து விழுந்தது. சரி, இரண்டாவது நின்றது.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2009-ல் இங்கிலாந்தின் சரே பகுதியில், பிள்ளைகள் போய்ப் பார்க்கும் ஒரு பண்ணையில் ஈ.கோலி ஓ157 கிருமி பரவி 93 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அது சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். விலங்கைத் தொட்டாலும் வேலியைத் தொட்டாலும் சோப்பு, ஓடும் தண்ணீர் இரண்டும் வேண்டும். கையில் தேய்க்கும் சானிடைசர் அதற்கு ஈடாகாது. சாப்பிடும் இடம் விலங்குகளிடமிருந்து தள்ளி, கை கழுவும் இடத்தைத் தாண்டித்தான் போக முடியும்படி இருக்கட்டும். கருவுற்ற பெண்கள் குட்டி ஈனும் ஆடுகளின் பக்கம் போகவே வேண்டாம். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் ஒருவர் மட்டும் கூடாது.

நிலத்துக்கும் தண்ணீருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள், ஐந்து வருடத்துக்காவது. வாய்ச்சொல்லை நம்பி மரக்கன்று நடாதீர்கள்.

அப்புறம் விலங்கு எப்போது என்று கேட்பீர்கள். நீண்ட பள்ளி விடுமுறை ஒன்றைப் பாத்திகள் தாண்டிய பிறகு. எங்களுக்கு முதல் விடுமுறையில் எல்லாம் கருகியது, இரண்டாவதில் பிழைத்தது. அதற்குப் பிறகுதான் ஆறு கோழிகள் வந்தன. யார் எந்த நாள், காலையா மாலையா என்கிற முறைப் பட்டியலைப் பிள்ளைகளே எழுதிக் கதவில் ஒட்டினார்கள். இரண்டு முறை நான் தாமதமாகப் போனேன். மூன்றாம் வாரம் பார்த்தால் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, கீழே எரு அள்ளும் வரிசையில் சேர்த்திருந்தார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.