அப்பாவின் நினைவு மலரில் அந்த ராத்திரிகளை எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 48 வயது. வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர் எங்களுடையது. அப்பா போன வருடம் 79 வயதில் காலமானார். 1963-ல் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில், பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தார். 1981-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் வங்கிக் காவலராக இருந்தார்.

அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாள். சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம், எழுதும் பொறுப்பு எனக்கு. அண்ணன் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். ‘அச்சம் என்பதையே அறியாத மாவீரர்’ என்று ஆரம்பிக்கிறது. அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பார்த்த அப்பா ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து தானே சமைப்பார். என் பள்ளிக்கூடப் பாவாடையை மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டு வைப்பார். அம்மா களையெடுக்கப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னி விட்டதும் அவர்தான். வயலுக்குப் போனால் வரப்பில் அவர் முன்னால் போவார், அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்கள் கால் வைக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் அதட்டுவார். அது ஏதோ விளையாட்டு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரியில் சில நாள் ‘அசையாதே, அப்படியே நில்லு’ என்று கத்திக்கொண்டு எழுந்துவிடுவார். மார்கழி வந்தால் கூடுதலாக இருக்கும். அம்மா விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ‘வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாது’ என்பார். அப்பாவின் கடைசி ஐந்தாறு வருடத்தில் இது ரொம்ப அதிகமானது. அம்மா இப்போதும் அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மலரில் இதையும் எழுதலாம் என்றேன். ‘அப்பாவைப் பைத்தியம்னு ஊருக்குச் சொல்லப் போறியா?’ என்று அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார். எழுதினால் அப்பாவுக்குச் செய்யும் துரோகமா? எழுதாமல் விட்டால் அது அவர்தானா?

— ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா என்ன வேலை செய்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண்ணிவெடி எடுப்பவர் தரையோடு தரையாகப் படுத்து, மெல்லிய கம்பியை மண்ணுக்குள் சாய்வாக நுழைத்துத் தேடுவார். நேராகக் குத்தினால் அழுத்தம் வெடியின் தலையிலேயே விழும். கம்பி எதிலாவது தட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த வழியின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டுவார்கள். பின்னால் வருகிறவர் அந்த நாடாவைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. பசந்தரில் 1971 டிசம்பர் 15 இரவு இந்த வேலை பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவில் நடந்தது. டாங்கிகள் அக்கரை போக அதுதான் வழி. அங்கே அப்படி வழி திறந்துகொண்டிருந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரிழந்தார், அவருக்கு மகா வீர் சக்ரா. வழி முழுக்கச் சரியாவதற்கு முன்பே டாங்கிகள் உள்ளே போயின. மறுநாள் அந்தக் களத்தில் உயிரிழந்து பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பாலுக்கு வயது 21.

இந்த வேலையில் அச்சம் அறியாத ஆள் ரொம்ப நேரம் உயிரோடு இருக்க முடியாது. பயத்தை ஒவ்வொரு விரல்கடை மண்ணிலும் பயன்படுத்தத் தெரிந்தவர் உங்கள் அப்பா. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் பிழைத்தார்கள். அண்ணனின் முதல் வரியை மாற்ற இந்தக் காரணமே போதும். அப்புறம் அந்த வரப்பு. பிள்ளைகள் தன் அடி பார்த்து வரவேண்டும் என்று அதட்டியவர் சிப்பாயா, தகப்பனா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீங்களும் பிரிக்க வேண்டாம்.

ராத்திரி அலறலுக்கு வருகிறேன். அண்ணன் சொன்ன அந்த வார்த்தை தவறு, அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். போர் முடிந்து பல வருடம் கழித்தும் உடம்பு அந்த ஆபத்தை மறக்காமல் இருப்பதை மருத்துவம் வெகு காலமாகவே பார்த்துவந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதற்கு ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்’ என்று தங்கள் கையேட்டில் இடம் கொடுத்தது 1980-ல்தான். அப்போது உங்கள் அப்பா போரிலிருந்து திரும்பி ஒன்பது வருடம் ஆகிவிட்டது. வேலை ஓட்டம் நின்று, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிற வயதில் அந்த நினைவுகள் மறுபடி மேலே வருவதும் உண்டு. அவருக்கு இருந்தது இன்ன நோய்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அவரை நான் பார்த்ததில்லை. மலரிலும் நோயின் பெயர் எதுவும் வேண்டாம்.

எழுதலாமா கூடாதா என்று நீங்களும் அண்ணனும் வாதாடுகிறீர்கள். ஆனால் அந்த ராத்திரிகளில் விழித்திருந்தவர் உங்கள் அம்மா. கடிதத்தில் அவரைப் பற்றி நாலைந்து வரிதான் இருக்கிறது. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. 1971-ல் கைக்குழந்தையோடு கடிதத்துக்குக் காத்திருந்த பெண்ணாக இருந்திருப்பார். அந்தப் போரை அதற்குப் பிறகு எத்தனையோ மார்கழிகள் வீட்டிலேயே தாங்கியவரும் அவர்தான். அப்பாவின் மானம் என்று நினைத்து வெளியில் சொல்லாமல் காத்தார். அதைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை முதலில் அவருக்கு. ஒரு மத்தியானம், அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதலிலேயே மலர் பேச்சை எடுக்காதீர்கள். ‘அப்பா ராத்திரி எழுந்துக்கும்போது உனக்கு எப்படிம்மா இருக்கும்?’ என்று கேளுங்கள். இதுவரை யாராவது அவரிடம் அப்படிக் கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவர் சரி என்றால் ஒரு பத்தி போதும், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வரப்பில் நடந்ததையும் பாவாடை இஸ்திரியையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் எழுதினாலே அவர் முழுதாக வந்துவிடுவார்.

அண்ணனையும் ஒதுக்காதீர்கள். அடைமொழியால் அப்பாவை உயர்த்திப் பிடிக்கப் பார்ப்பதும் துக்கம்தான். டிஸ்சார்ஜ் புக்கையும் மெடல்களையும் எடுத்து வைத்து, எந்த வருடம் எங்கே இருந்தார் என்று வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் அதில் இருக்கும். தேதியும் இடமும் சரியாக வந்தால் அவருக்கே ‘மாவீரர்’ என்று போடத் தோன்றாது.

அம்மாவின் தூக்கத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் விழிப்பு வருவது இயல்பு. கொஞ்ச நாள் நீங்களோ பேரப் பிள்ளைகளோ அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு குறைந்தாலோ, பகலிலும் யாரோடும் பேசாமல் இருந்தாலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். முன்னாள் படைவீரரின் மனைவி என்ற முறையில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக்கில் அவருக்குச் சிகிச்சை உரிமை உண்டு, அப்பாவின் பென்ஷன் தாள்களோடு போய் அட்டை செல்லுபடியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாத நேரத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.