அம்மா என்னை ‘அக்கா’ என்கிறார்; இனி நான் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. அல்சைமர் நோய். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், சில மாதங்களாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நான் போனால் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறார். ‘நான் உங்க பொண்ணும்மா’ என்றால் கோபம் வருகிறது. ‘வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க’ என்று அழுகிறார். பாட்டி காலமாகி எத்தனையோ வருடம் ஆகிறது. நான் கிளம்பிய பத்து நிமிடத்தில் வந்ததையே மறந்துவிடுகிறாராம். இந்த நான்கு நாளாகப் பகலிலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார், சாப்பாடும் குறைந்துவிட்டது. நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிறேன். நான் போவதால் அவருக்கு ஏதாவது பயன் இருக்கிறதா? போகாமல் இருந்தால்தான் அவருக்கு நிம்மதியோ?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த நான்கு நாள் தூக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். மற்றவை காத்திருக்கும், இது காத்திருக்காது.

அல்சைமர் நான்கு நாளில் முற்றாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்கிற நோய் அது. போன வாரம் வரை பேசிக்கொண்டும் கோபப்பட்டுக்கொண்டும் இருந்தவர் திடீரென்று தூங்கி வழிகிறார் என்றால், மறதி நோயோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உடல் கோளாறால் இப்படித் திடீரென்று வரும் மனக்குழப்பத்தை, மந்தத்தை டெலிரியம் என்போம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வாய் திறந்து சொல்லத் தெரியாத ஒரு வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணம் பெரும்பாலும் சாதாரணமானதாகவே இருக்கும். பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். இந்த வயதில் தொற்று இருந்தாலும் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. கத்தி ரகளை செய்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். சத்தமில்லாமல் படுத்திருந்தால் ‘இன்னைக்கு அமைதியா இருக்காங்க’ என்று விட்டுவிடுவார்கள். அதனால் தூங்கிக் கிடக்கிற டெலிரியம்தான் அதிகம் தவறிப்போகிறது.

இன்றே இல்லத்துக்குப் போன் செய்து, மருத்துவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மருந்துப் பட்டியலையும் கேளுங்கள். கடைசி சில வாரத்தில் என்ன சேர்த்தார்கள் என்பது முக்கியம். தூக்க மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள், சிறுநீரை அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை இவர்களை எளிதில் குழப்பிவிடும். ரகளையை அடக்க, மனநோய்க்குத் தரும் ஆன்டிசைக்காட்டிக் வகை மருந்து கொடுத்திருந்தால், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று தயங்காமல் கேளுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது, சமீபத்தில் கீழே விழுந்தார் என்றால் இல்லத்து மருத்துவருக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

சரி, இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தது யார்? நீங்கள்தான். ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் இடத்தில், போன வாரம் இவர் எப்படி இருந்தார் என்று ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர் அடிக்கடி வந்து பார்க்கும் பிள்ளைதான். போவதில் பயன் உண்டா என்ற கேள்விக்கு முதல் பதில் இதுவே.

பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறாரே என்கிறீர்கள். புது நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அல்சைமர் ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறது. ஆனால் மனநிலைக்கு அந்தப் பதிவு அவசியமில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளையும் சந்தோஷமான படத்துண்டுகளையும் காட்டிப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. சற்று நேரத்தில் படத்தில் என்ன வந்தது என்பது பெரும்பாலும் மறந்துபோயிற்று. துக்கமும் சந்தோஷமும் மட்டும் அரைமணி நேரம் வரை நின்றன. யாருக்கு மறதி அதிகமோ அவர்களுக்குத் துக்கம் கூடுதல் நேரம் நீடித்தது. காரணம் தெரியாத துக்கத்தை எப்படி ஆற்றிக்கொள்வது? நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் அம்மா சிடுசிடுப்பதும் சிரித்த முகமாக இருப்பதும் அவரோடு இருந்த நேரத்தை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்பதையும் பொறுத்தது.

அதனால்தான் ‘நான் யார்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று பரீட்சை வைக்காதீர்கள் என்கிறேன். உங்களை அவர் முற்றிலும் மறந்துவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். இந்த நோயில் சமீபத்திய நினைவுகள் முதலில் போய்விடும், பழையவை கொஞ்ச காலம் நிற்கும். அவர் கணக்கில் அவருக்கு வயது இருபது இருக்கலாம். நடுவயதில் ஒரு பெண், பழகிய முகச்சாயல், பழகிய குரல், கையைப் பிடித்துக்கொள்கிறாள். இருபது வயதுப் பெண்ணுக்கு அது அக்காவாகத்தானே இருக்க முடியும்? அக்காவாகவே இருந்துவிட்டுப் போங்கள். ஒரு வகையில் அது பதவி உயர்வுதான்.

பாட்டியைக் கேட்டு அழும்போது ‘அவங்க செத்துப் போயிட்டாங்கம்மா’ என்று சொன்னால், அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் சாவுச் செய்தி. சொல்லாதீர்கள். பொய் சொல்லவும் வேண்டியதில்லை. ‘அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?’ என்று கேட்டுவிட்டு, அவரைப் பேச விடுங்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்பதும் பல நேரம் முகவரியைப் பற்றிய பேச்சு அல்ல. சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பவர்கள் உண்டு. பயம், தனிமை, சில சமயம் வெறும் சிறுநீர் அவசரம். முதலில் பாத்ரூம் போக வேண்டுமா என்று பாருங்கள்.

காலையிலோ முன்பகலிலோ போங்கள். மாலை மங்கும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயின் வழக்கம். காது மெஷின் மாட்டியிருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி அவருடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். இல்லங்களில் கண்ணாடி ஆள் மாறிப்போவது சாதாரணம். பக்கவாட்டில் இருந்து தொடாமல், எதிரே வந்து அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் துண்டுகளைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள், கையில் எண்ணெய் தேய்த்துவிடுங்கள், அவருடைய இளவயதுப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். கை பழகிய வேலையும் பாட்டும் பேச்சைவிட அதிக நாள் தங்கும்.

அரைமணி நேரம் போதும். கிளம்பும்போது வாசலில் நின்று விடைபெறும் படலம் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தை ஒட்டிக் கிளம்பினால் தட்டு அவர் முன்னால் வரும்போது நீங்கள் எழுந்துகொள்ளலாம். ஒரு வாரம் போக முடியவில்லை என்றால் பரவாயில்லை, அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். எண்ணுவது நீங்கள்தான். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லையே என்ற உறுத்தல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இரவில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதற்கும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம், சிகிச்சையும் இருக்கிறது.