‘ஏன்?’ என்று கேட்கும் புது மாலுமிகள்: கண்டிப்பைக் கூட்டவா, குறைக்கவா?

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடற்படையில் பெட்டி ஆபீசராக (மாலுமிகளை மேற்பார்க்கும் பதவி) இருக்கிறேன். வீடு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில். புதிதாக வரும் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்கிறார்கள். காவடிக்கு லீவு கேட்கிறார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். எங்களை வளர்த்தவர்கள் இப்படி விட்டதில்லை. கண்டிப்பைக் கூட்டவா, குறைக்கவா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். கண்டிப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்களை வளர்த்தவர்கள் பழகிய படை வேறு. அன்று, நிறவெறி ஆட்சிக் காலத்தில், வெள்ளைக்கார இளைஞர்களுக்குக் கட்டாயப் படைச் சேவை. பிடிக்காவிட்டாலும் போக முடியாது. நம்மவர்களோ அப்போதும் ஜல்சேனாவில் (டர்பன் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்காக இருந்த கடற்படைப் பயிற்சித் தளம்) விரும்பிச் சேர்ந்தவர்கள்தான். இன்று எல்லோருமே அப்படி. படைவீரர் தொழிற்சங்கத்தில் சேரலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது 1999-இல். மூக்குத்தி போடக்கூடாது என்று பள்ளி தடுத்த டர்பன் மாணவியின் வழக்கில் அவள் பக்கம் தீர்ப்பு வந்தது 2007-இல். இந்தப் பிள்ளைகள் வளர்ந்த நாடு இது. கேள்வி கேட்பதை அவர்கள் மரியாதைக்குறைவாக நினைப்பதில்லை.

தீ, புகை, தண்ணீர் புகுதல் என்றால் ‘ஏன்’ கிடையாது. ‘கதவை மூடு’ என்றால் மூட வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்ததும் அந்தக் கதவருகிலேயே நின்று காட்டுங்கள்: இதை மூடாமல் விட்டால் புகை அடுத்த பகுதிக்கு எவ்வளவு சீக்கிரம் போகும் என்று. அடுத்த முறை அந்தக் கை தானாக ஓடும். துரு சுரண்டும் வேலையும் அப்படித்தான். சும்மா ‘சுரண்டு’ என்றால் அது தண்டனை. பெயின்டுக்கு அடியில் உப்பு தின்ற தகட்டைத் தொட்டுப் பார்க்க வையுங்கள், அது வேலையாகிவிடும்.

காவடி லீவு சுலபம். தைப்பூசம் என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் முன்பே தெரியும். டிசம்பரிலேயே டியூட்டி அட்டவணையில் எழுதுங்கள். காவடிக்குப் போகிறவன் கிறிஸ்துமஸுக்கு டியூட்டி பார்க்கட்டும். இது நம் பிள்ளைகளுக்கான சலுகையாகத் தெரியக்கூடாது. ஈத் கேட்பவருக்கும் இதே கணக்கு.

சரி, கிளம்பிப்போவது. புதியவர்களைச் சேர்க்கும், 2003-இல் தொடங்கிய இந்த இரண்டு வருடப் பயிற்சித் திட்டமே எல்லோரையும் வைத்துக்கொள்வதற்கு அல்ல; சிலருக்குப் படையில் தொடர ஒப்பந்தம், மற்றவர்கள் ரிசர்வுக்கு (தேவைப்படும்போது அழைக்கப்படும் படை). உங்களை உறுத்த வேண்டியது, நல்ல கைகள் ஒப்பந்தம் கொடுத்தும் வேண்டாம் என்று போவதுதான். கடைசி மாதத்தில் கேட்பது வீண். முதல் வருடம் முடியும்போதே தனியாகக் கூப்பிட்டு, என்ன படிக்க ஆசை, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். டீசல் மெக்கானிக் கோர்ஸ் வேண்டும் என்றால் அவர் கண்ணெதிரே எழுதி மேலே அனுப்புங்கள். கிடைக்குமா தெரியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்தவரை அவர்கள் மன்னிப்பதில்லை.

காவடிக்கு லீவு கேட்ட அந்தப் பையனிடமிருந்தே ஆரம்பியுங்கள்.