கேரட் நிலத்துக்கு உயிர்க்கரி இடலாமா?

கேள்வி: நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் 60 சென்ட் படிமட்ட நிலத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். மண் பரிசோதனையில் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) 4.8 என வந்துள்ளது. காய்ந்த சீகை (வாட்டில்) மரக் கிளைகளும் உண்ணிச்செடிக் குச்சிகளும் குவிந்து கிடக்கின்றன. இவற்றைக் கரியாக்கி இட்டால் சுண்ணாம்பையும் உரத்தையும் நிறுத்திவிடலாமா?

பதில்: இரண்டையும் நிறுத்த வேண்டாம். உயிர்க்கரி (பயோசார்) என்பது காற்று குறைவாகப் படும்படி விறகை எரித்து மண்ணில் இடுவதற்காக எடுக்கும் கரி. அது உரமன்று, இடும் உரத்தையும் நீரையும் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும் பொருள். ஆயினும் உங்கள் மண்ணில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. பி.எச். 5-க்குக் கீழே இறங்கிய மலை மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குவதோடு, நீங்கள் இடும் மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியைப் பயிருக்கு எட்டாதபடி பிணைத்தும் விடுகிறது. மரக்கரியின் காரத்தன்மை இவ்விரண்டையும் ஓரளவு தணிக்கும். பல நாட்டு வயல் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. மிதவெப்ப நாடுகளில் உயர்வே இல்லை. அமிலமும் சத்துக்குறைவும் உள்ள மண்ணே அதிகம் பயன்பெற்றது என்பதுதான் காரணம். மட்கு நிறைந்த உங்கள் மேல்மண்ணில் அந்த 25 விழுக்காட்டை எதிர்பார்க்காதீர்கள்.

சுண்ணாம்பு அளவுக்குக் கரி அமிலத்தைக் குறைக்காது. ஆகவே பரிசோதனை அட்டையில் பரிந்துரைத்த சுண்ணாம்பையோ டோலமைட்டையோ தொடருங்கள். ஆனால் உருளைக்கிழங்கு நிலத்தில் பி.எச். 6-ஐத் தாண்ட விடாதீர்கள், கிழங்கில் சொறிநோய் கூடும்.

வாய் அகன்று அடி குறுகிய, இடுப்பளவு ஆழமுள்ள குழியில் நன்கு காய்ந்த குச்சிகளைச் சிறிது சிறிதாக எரித்து, மேலடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட்டுக்கொண்டே வந்து, குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைக்க வேண்டும். அணைக்கத் தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும். 100 கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 20 கிலோ கரி கிடைக்கும். புல் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இவ்வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பொறி சோலைக்காடு வரை போகும். நிற்கும் மரத்தை அனுமதியின்றி வெட்டவும் கூடாது.

புதுக்கரியை நேரடியாக இடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. அது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) ஈர்த்துக்கொள்வதால் முதல் பயிர் வெளுத்துப் போகலாம். கரியை ஈரத்தோடு நொறுக்கிச் சலித்து, சம அளவு மட்கிய தொழு உரத்தில் கலந்து, நீர் கலந்த கோமியம் தெளித்து, மழை படாமல் மூன்று வாரம் மூடி வையுங்கள். சலிப்பதில் சலிப்புக் காட்ட வேண்டாம்: கோதுமை மணியை விடப் பெரிய துண்டுகள் பாத்தியில் கிடந்தால் கேரட் கிளைத்து, சந்தையில் கழிவாகும்.

சென்டுக்கு 20 கிலோ கரி போதும். கனமழையில் கரி மிதந்து சரிவோடு போய்விடும் என்பதால், மேலாகத் தூவாமல், விதைப்புக்கு முன் அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு படிமட்டத்தில், அதிலும் பாதியில் மட்டும் இட்டு, மறுபாதிக்கு அதே தொழு உரத்தையும் கோமியத்தையும் கரியின்றிக் கொடுத்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். மண்ணில் கரி பல்லாண்டு நிலைக்கும்; ஆகையால் ஆண்டுதோறும் இட வேண்டியதில்லை. பக்கத்தில் தேயிலை இருந்தால் அதற்கு இக்கரியை இட வேண்டாம், 4.8 பி.எச். தேயிலைக்கு ஏற்றதே.