கோவேறு கழுதையும் 159 கவுண்டிகளும்

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 159 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகள்) இருக்கின்றனவாம். எந்தக் குடியானவனும் கோவேறு கழுதை வண்டியில் காலையில் கிளம்பி, கவுண்டி தலைநகருக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கணக்குப் பண்ணி எல்லை போட்டார்களாம். வாட்ஸாப்பில் வந்த வினாடி வினாவில் படித்தேன். மக்கள் மேல் எவ்வளவு அக்கறை! நம் மாவட்டங்களையும் அப்படிச் சின்னதாக்கினால் என்ன? (சேலம் வாசகர்)

பதில்: 159 என்பது சரி. டெக்சாஸின் 254-க்கு அடுத்தபடி அமெரிக்காவிலேயே அதிகம். கழுதைக் கதையையும் முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். பத்திரம் பதிய, வரி கட்ட, வழக்குக்கு நிற்க என்று எல்லாவற்றுக்கும் கவுண்டி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்த காலம் அது. கோர்ட்டு பக்கத்தில் இருந்தால் நல்லது என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள். 1777-ல் எட்டே கவுண்டிகள். அப்புறம் பூர்வகுடி மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்படப் பறிக்கப்பட, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1904-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 145 வரை போகலாம் என்றார்கள். அடுத்த வருடமே எட்டுப் புதிய கவுண்டிகளை உண்டாக்கி 145-ஐத் தொட்டுவிட்டார்கள். அதோடு நின்றார்களா? அதற்கப்புறமும் சட்டத்தைத் திருத்தித் திருத்திப் பதினாறு கவுண்டிகள். 1924-ல் வந்த பீச் கவுண்டிதான் 161-ஆவது. ஃபோர்டின் மாடல் டி கார் 1908-லேயே வந்தாயிற்று. ஊரெல்லாம் கார் ஓட ஆரம்பித்த காலத்தில் யாருடைய கழுதைக்காக இந்தக் கரிசனம்?

விஷயம் கழுதையில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மாநிலச் சட்டசபையில் ஒவ்வொரு கவுண்டிக்கும் குறைந்தது ஓர் இடம் இருந்தது. ஒரு கவுண்டியை இரண்டாக்கினால் ஒரு கோர்ட்டு, ஒரு ஷெரீப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), ஒரு வரி அதிகாரி, கூடவே ஓர் உறுப்பினர். உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ஷெரீப்பும் வரி அதிகாரியும் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். மேலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் என்று ஒருவர் கிடையாது. அதனால் கவுண்டியை மாவட்டம் என்று மொழிபெயர்த்தாலே பாதி விஷயம் கைநழுவிப் போய்விடும்.

1917-ல் இன்னொரு படி மேலே போனார்கள். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் ஜெயித்தவரே கவர்னர் என்று இருந்த காலம். அந்தத் தேர்தலுக்கு ‘கவுண்டி யூனிட்’ என்ற முறையைச் சட்டமாக்கினார்கள். பெரிய எட்டு கவுண்டிகளுக்கு ஆளுக்கு 6 யூனிட், அடுத்த முப்பதுக்கு 4, மற்ற எல்லாவற்றுக்கும் 2. கவுண்டியில் முதலில் வந்தவருக்கு அதன் யூனிட் மொத்தமும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்ட்டன் கவுண்டியும் பெயர் தெரியாத மூன்று குட்டிக் கவுண்டிகளும் சமம். 1960 கணக்குப்படி ஃபுல்ட்டனில் 5,56,326 பேர். எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். எக்கோல்ஸில் 938 பேருக்கு ஒரு யூனிட், ஃபுல்ட்டனில் 92,721 பேருக்கு ஒன்று. நகரத்தில் இருந்த கறுப்பின வாக்காளர்களின், தொழிலாளர்களின் குரல் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை ஜார்ஜியா அரசியல்வாதி யூஜின் டால்மேட்ஜைப் போல் அனுபவித்தவர் இல்லை. டிராம் ஓடுகிற கவுண்டியின், அதாவது நகரத்தின் ஓட்டே தனக்கு வேண்டாம் என்கிற மாதிரி பேசித் திரிந்த ஆள். 1946 முதனிலைத் தேர்தலில் ஜேம்ஸ் கார்மைக்கேலுக்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. யூனிட் கணக்கில் ஜெயித்தவர் டால்மேட்ஜ். பதவி ஏற்கும் முன்பே டிசம்பரில் அவர் இறந்துபோக, கவர்னர் நாற்காலிக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய கூத்து தனிக் கதை.

ஃபுல்ட்டன் வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1963-ல் உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றது. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொல் அமெரிக்கச் சட்டத்தில் நிலைத்தது அந்தத் தீர்ப்பில்தான்.

161 எப்படி 159 ஆயிற்று என்பது உங்கள் வினாடி வினாவில் இருந்ததா? பொருளாதார மந்தத்தில் மில்ட்டன், கேம்ப்பெல் என்ற இரண்டு கவுண்டிகளால் செலவைச் சமாளிக்க முடியவில்லை. 1932-ல் இரண்டும் ஃபுல்ட்டனோடு இணைந்துவிட்டன. ஃபுல்ட்டன் இன்று வடக்கு தெற்காக வாலை நீட்டிக்கொண்டு கிடப்பதற்கு அதுதான் காரணம். குட்டிக் கவுண்டிக்கும் கோர்ட்டு, ஜெயில், சம்பளம் எல்லாம் உண்டு. கட்டுவதற்கு ஆள்தான் குறைவு. டாலிவர் கவுண்டியில் 2020 கணக்குப்படி 1,559 பேர். (எழுத்துப்படி வாசித்தால் டாலியாஃபெரோ என்று வரும். அந்த ஊர்க்காரர்கள் டாலிவர் என்றுதான் சொல்கிறார்கள்.) நம் ஊரில் ஒரு தெருவுக்கு அவ்வளவு பேர் வருவார்கள். இதைத்தான் நமக்கும் வேண்டும் என்கிறீர்கள்.

கோர்ட்டு பக்கத்தில் இருந்தும் மாநிலம் தூரமாக இருந்த இடமும் உண்டு. வடமேற்கு மூலையில் டேட் கவுண்டி. நடுவில் லுக்அவுட் மலை. 1939 வரை ஜார்ஜியாவின் மற்ற பகுதியிலிருந்து அங்கே போக நேர்சாலை கிடையாது. டென்னசி அல்லது அலபாமா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். உள்நாட்டுப் போருக்கு முன்பு அந்தக் கவுண்டி தனியாகவே நாட்டிலிருந்து பிரிந்துவிட்டது என்று ஒரு கதை. பதிவு எதுவும் இல்லை. ஆனாலும் 1945 ஜூலை 4-ஆம் தேதி ‘மறுபடி சேர்ந்துகொள்கிறோம்’ என்று விழா எடுத்தார்கள். ஜனாதிபதி ட்ரூமனும் வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு என் பங்காக ஒன்று. ஜெஃபர்சன் என்ற ஊர் ஜாக்சன் கவுண்டியின் தலைநகர். ஜாக்சன் என்ற ஊரோ பட்ஸ் கவுண்டியின் தலைநகர். சரி, ஜெஃபர்சன் கவுண்டிக்கு? லூயிவில். மேக்கன் நகரம் பிப் கவுண்டியில். மேக்கன் கவுண்டியின் தலைநகர் ஓகில்தார்ப். ஓகில்தார்ப் கவுண்டியின் தலைநகர் லெக்சிங்டன். தபால்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கடைசியாக, நம் பக்கத்து வாசனை உள்ள ஒன்று. அந்த முதல் எட்டு கவுண்டிகளில் ஒன்றின் பெயர் லிபர்ட்டி, அதாவது சுதந்திரம். மற்ற ஏழும் அமெரிக்கர்களுக்காக லண்டனில் பரிந்து பேசிய ஆங்கிலேயத் தரப்பு ஆட்களின் பெயர்கள். அதில் ஒருவர் எட்மண்ட் பர்க். ஆற்காட்டு நவாபுக்குக் கம்பெனிக்காரர்கள் வட்டிக்கு மேல் வட்டி போட்டுக் கடன் கொடுத்து, அதை ஆற்காட்டுச் சீமைக் குடியானவர்களின் வயிற்றில் அடித்து வசூலித்ததை 1785-ல் பார்லிமென்டில் கிழித்தெடுத்தாரே, அதே பர்க். கவுண்டிக்குப் பெயர் வைத்ததோ 1777-ல். எனவே நம் ஆற்காட்டுக்காகப் பேசியதற்கு அமெரிக்கா செய்த மரியாதை என்று அடுத்த வாரம் வாட்ஸாப்பில் வந்தால், அதையும் எனக்கு அனுப்பி வைக்காதீர்கள்.