திகில் படங்களை ரசிப்பது மனக்கோளாறா?

திகில் கதைகளையும் படங்களையும் தேடித்தேடி ரசிப்பது எந்த மனநோயின் அறிகுறியும் அன்று. பயத்தை விரும்பும் உங்கள் மனம் வக்கிரமானதோ என்ற கவலைதான் உங்கள் நீண்ட கடிதம் முழுவதும் ஓடுகிறது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். படபடப்பு, உள்ளங்கை வியர்ப்பது, மயிர்க்கூச்சு, அன்றிரவு வரும் கெட்ட கனவு என்று நீங்கள் பட்டியலிட்டவை நலமான உடலின் இயல்பான எதிர்வினைகள்; அவற்றைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம்.

திரையில் ஒரு கதவு மெல்லத் திறக்கும்போது, மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா என்னும் பகுதி, நாம் நிதானித்து எடைபோடுவதற்கு முன்பே ஆபத்து என்று அறிவித்துவிடுகிறது; அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது. அதே வேளையில் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி, இது வெறும் கதை, நமக்கு ஒன்றும் நேராது என்று உறுதியளிக்கிறது. இவ்விரண்டும் ஒருசேர நிகழ்வதில்தான் திகிலின் சுவை இருக்கிறது. காட்சி முடிந்து அச்சம் விலகினாலும் உடலின் கிளர்ச்சி உடனே அடங்குவதில்லை. எஞ்சிய அந்தக் கிளர்ச்சி, அடுத்து வரும் நிம்மதியைப் பேரின்பமாகப் பெருக்கிவிடுகிறது என்பது உளவியலாளர் டால்ஃப் ஸில்மனின் கோட்பாடு தரும் விளக்கம். நாடகம் எழுப்பும் அச்சமும் இரக்கமும் மனத்துக்கு வடிகாலாகின்றன என்ற கருத்தை அரிஸ்டாட்டில் முன்வைத்து 2,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1818இல் வெளிவந்த பிராங்கன்ஸ்டைன் என்னும் திகில் நாவல் இன்றும் படிக்கப்படுகிறது. கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில் திகில் பட ரசிகர்களிடம் மன உளைச்சல் ஒப்பீட்டளவில் குறைவாகக் காணப்பட்டதாக ஓர் ஆய்வும் உண்டு. இத்தனை காலமாக மனித இனம் விரும்பிவரும் ஒன்றை ஒரு தனிமனிதரின் கோளாறாக எப்படிக் கருத முடியும்?

திகில் படம் பார்த்தால் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரும் என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்திக்கு மூலம், நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வாக இருக்கலாம். நலமாக இருந்த 24 பேருக்குத் திகில் படமும் கல்விப் படமும் காட்டியதில், இரத்தம் உறைய உதவும் எட்டாவது காரணி என்னும் புரதம் பலருக்குத் திகில் படத்தின்போது கூடியது உண்மை. ஆனால் உறைகட்டி உருவாவதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. முதல் பாதியை மட்டும் பரப்பி மக்களைக் கலங்கடிப்பவர்கள் இரண்டாம் பாதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

இவ்வளவு எழுதிய நீங்கள், உண்மையில் முக்கியமான செய்தியைக் கடைசி இரண்டு வரிகளில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஹெட்போனில் படம் பார்த்தபோது எழுந்த திடீர்ச் சத்தத்தில் சில நொடிகள் நினைவிழந்தீர்கள். பிறகு ஒரு நாள் காலை அலாரம் அடித்தபோதும் அதேபோல் நேர்ந்தது. இரத்தக் காட்சியைக் கண்டு மயங்குபவர்களுக்குப் பெரும்பாலும் முன்னதாகவே குமட்டலும் வியர்வையும் வந்து கண் இருளும். அது அச்சப்பட வேண்டியதன்று. எந்த முன்னறிவிப்புமின்றி, திடீர் ஒலியைக் கேட்ட கணத்தில் நினைவு தப்புவது வேறு வகை. இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே குறைபாடுள்ள லாங் க்யூடி சிண்ட்ரோம் என்னும் நோயின் ஒரு வகையில், தொலைபேசி மணியோ அலாரமோகூட ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டிவிடும். மயங்கும்போது கைகால் வெட்டினால் இதை வலிப்பு நோய் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தைக் கொண்டு நான் முடிவுகட்ட இயலாது. ஆனால் இந்த வாரமே ஈசிஜி எடுத்து ஓர் இதய மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிலருக்கு முதல் ஈசிஜி இயல்பாகவே இருக்கும் என்பதால், மயங்கிய விதத்தை விரிவாகச் சொல்லுங்கள். உறவினர் எவரேனும் இளவயதில் உறக்கத்திலோ நீந்தும்போதோ திடீரென இறந்திருந்தால், கேட்காவிட்டாலும் அதைத் தெரிவியுங்கள். நோய் உறுதியானால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளால் பெரும்பாலானோருக்கு நல்ல பாதுகாப்புக் கிடைக்கிறது.

படம் பார்க்கும் முன் நண்பர் கொடுத்த அல்பிரஸோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை விழுங்குவதை என்னால் ஏற்க முடியாது. அது பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்கக்கூடிய மருந்து. இதயத்தின் மின் கோளாறுக்கு எதிராக அது எந்தக் காப்பும் தராது. எப்போதாவது எடுத்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தினமும் எடுத்து வந்திருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறையுங்கள். அஸித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் இந்தக் கோளாறை மோசமாக்கும் என்பதால், மருந்துக் கடையில் நீங்களாக எதையும் கேட்டு வாங்காதீர்கள்.

பரிசோதனை முடியும் வரை அலாரத்தை அதிர்வு நிலையில் வையுங்கள், ஹெட்போனில் திகில் படம் வேண்டாம், தனியாக நீந்தவும் வேண்டாம். மீண்டும் மயங்கினால் எழுந்த பிறகு நலமாகத் தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இதயத்தில் பழுதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் விருப்பம்போல் எந்தத் திகில் படத்தையும் பார்க்கலாம்.